பேஸ் கிட்டாரில் பழைய வீடியோ கேம் ஃபஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டிவி கேம் போலக் கரகரத்துக் கத்தும் ஃபஸ் பெடலை (காலால் அழுத்தி ஒலியை மாற்றும் சிறு பெட்டி) பேஸ் கிட்டாரில் இணைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் ஒன்றும் பிடிபடாது என்பதால், எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் ப்ளூ பாக்ஸ் பெடலை முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிறேன். 1970களில் வந்த பெடல், இரண்டே குமிழ்கள். இந்த வகைப் பெடல்களின் நல்ல குணம், கெட்ட குணம் இரண்டும் அதில் ஒளிவுமறைவின்றித் தெரியும்.

இந்தப் பெடல் உள்ளே என்னதான் செய்கிறது?

தந்தியை மீட்டும்போது பிக்கப்பிலிருந்து (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வரும் அலை வளைந்து நெளிந்து ஏறி இறங்குகிறது. சாதாரண ஓவர்டிரைவ் பெடல் அந்த அலையின் உச்சியை லேசாகச் சீவும். ஃபஸ் பெடலோ அலையைப் பல மடங்கு பெருக்கி, உச்சியையும் பள்ளத்தையும் தயவு தாட்சண்யமின்றி வெட்டித் தள்ளும். மேலே ஒரு மட்டம், கீழே ஒரு மட்டம், இடையில் செங்குத்தான தாவல்: இவ்வளவுதான் மிஞ்சும். இதுதான் சதுர அலை. இதில் மூலச் சுரத்தோடு அதன் 3, 5, 7, 9 மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. மூன்றாம் மடங்கு மூன்றில் ஒரு பங்கு வலிமையில் வரும், ஐந்தாம் மடங்கு ஐந்தில் ஒரு பங்கு வலிமையில் வரும். கரகரப்பு என்று காது சொல்வது இந்தக் கூட்டத்தைத்தான்.

ப்ளூ பாக்ஸ் இதோடு நிற்பதில்லை. உள்ளே 4013 என்ற டிஜிட்டல் சிப் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்கள். சதுர அலை ஒவ்வொரு முறை மேலே தாவும்போதும் ஃப்ளிப்-ஃப்ளாப் தன் நிலையை மாற்றிக்கொள்ளும். இரண்டு தாவலுக்கு ஒரு சுற்று என்பதால் அதிர்வெண் பாதியாகிறது. இரண்டாவது ஃப்ளிப்-ஃப்ளாப் அதையும் பாதியாக்கும். கடைசியில் நீங்கள் வாசித்த சுரத்துக்கு இரண்டு ஸ்தாயி கீழே ஒரு சுரம் கிடைக்கிறது. பிளெண்ட் குமிழின் ஒரு கோடியில் வெறும் ஃபஸ், மறு கோடியில் இரண்டு ஸ்தாயி கீழான ஒலி. கவனிக்க வேண்டியது, இந்த இரண்டு கோடிகளிலும் தூய பேஸ் ஒலி கிடையாது. பிளெண்ட் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

அது ஏன் வீடியோ கேம் போலக் கேட்கிறது?

அந்தக் கால விளையாட்டுக் கருவிகளும் சதுர அலையைத்தான் வைத்திருந்தன என்பதால். நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983இல் ஜப்பானில் வந்தது. 1990களில் நம் ஊர்க் கடைகளில் டிவி கேம் என்று விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை அதன் நகல்களே. அதன் ரிக்கோ 2ஏ03 சிப்பில் ஐந்து ஒலித்தடங்கள் இருந்தன. இரண்டு துடிப்பு அலைத் தடங்கள், ஒரு முக்கோண அலைத் தடம், ஒரு இரைச்சல் தடம், பதிவு செய்த சிறு ஒலிகளை ஓட்ட ஒரு தடம். மெட்டு பெரும்பாலும் துடிப்பு அலையில் ஓடும், தாளத்தை இரைச்சல் பார்த்துக்கொள்ளும்.

துடிப்பு அலை என்பது மேல் மட்டத்தில் எவ்வளவு நேரம், கீழ் மட்டத்தில் எவ்வளவு நேரம் என்பதை மாற்றிக்கொள்ளக்கூடிய சதுர அலை. அந்தச் சிப்பில் 12.5, 25, 50, 75 சதவீதம் என்று நான்கு அளவுகள் உண்டு. 50 சதவீதம் உருண்டையாக, உள்ளீடற்றதுபோல் ஒலிக்கும். 25 சதவீதம் மூக்கால் பாடும். 12.5 சதவீதம் மெலிந்து கீச்சிடும். 75 சதவீதம் 25ஐத் தலைகீழாக்கியது, அதனால் காதுக்கு இரண்டும் ஒன்றே. பல நகல் பெட்டிகளில் 25உம் 50உம் இடம் மாறிக் கிடந்தன. ஒரே விளையாட்டின் மெட்டு உங்கள் வீட்டில் ஒரு குரலிலும் அசல் கருவியில் வேறு குரலிலும் ஒலித்திருந்தால் காரணம் அதுதான்.

இனி இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படையான விஷயம். அந்த விளையாட்டுகளில் பேஸ் வாசித்தது எந்தத் தடம்? முக்கோண அலைத் தடம். 16 படிகளில் ஏறி இறங்கும் அலை அது. ஒலியளவுக் கட்டுப்பாடுகூடக் கிடையாது, ஒன்று ஒலிக்கும் இல்லையென்றால் ஒலிக்காது. மேல் மடங்குகள் அதில் வெகு சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் அது மென்மையான, அடக்கமான குரல். ஆக, ஃபேமிகாம் பேஸ் கரகரக்கவே இல்லை. கரகரத்தது மெட்டு. ஃபஸ் பெடலை அழுத்தும் பேஸ் வாசிப்பாளர் தன் முக்கோணத் தடத்தைக் கைவிட்டுத் துடிப்புத் தடத்துக்குக் குடிபெயர்கிறார். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி, சிக்கலாகவே தோன்றாது.

விதிவிலக்கு உண்டு. 1982இல் வந்த கமடோர் 64 கணினியின் சிட் சிப்பில் மூன்று குரல்கள்தான், ஆனால் ஒவ்வொரு குரலும் எந்த அலையையும் எடுத்துக்கொள்ளலாம், வடிப்பானும் உண்டு. அங்கே பேஸும் தாராளமாக உறுமியது. உங்களுக்கு வேண்டியது உறுமல் என்றால் நீங்கள் தேடுவது அந்தக் கணினியின் ஒலியை.

8 பிட் பெடல், பிட் கிரஷர் என்று விற்பவையும் இதேதானா?

இல்லை. பெயர்தான் குழப்புகிறது. 8 பிட் என்பது அந்தக் கருவிகளின் மையச் செயலியைக் குறிக்கும் எண். அவை மெட்டுகளை 8 பிட்டில் பதிவு செய்து ஓட்டவில்லை, சதுர அலையை அங்கேயே உருவாக்கின. பிட் கிரஷர் செய்வது வேறு வேலை. உங்கள் ஒலியை எண்களாக மாற்றி, வேண்டுமென்றே மோசமான தரத்தில் திருப்பித் தருகிறது.

அதில் இரண்டு குமிழ்கள் முக்கியம். பிட் அளவைக் குறைத்தால் அலையின் படிகள் குறையும். 8 பிட்டுக்கு 256 படிகள், 4 பிட்டுக்கு 16. அடிக்கும்போது பெரிதாகத் தெரியாது, சுரம் தேயும் நேரத்தில் மணலை அள்ளிக் கொட்டும் ஒலி வரும். மாதிரி வீதத்தை, அதாவது வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்பதைக் குறைத்தால் வருவதுதான் உண்மையான வினோதம். வினாடிக்கு 2000 மாதிரிகள் என்று வைத்துக்கொள்வோம். 110 ஹெர்ட்ஸில் ஓடும் ‘ஏ’ சுரத்தின் பத்தாம் மடங்கு 1100 ஹெர்ட்ஸ். மாதிரி வீதத்தில் பாதியை, அதாவது 1000ஐ, அது தாண்டிவிட்டதால் மடங்கித் திரும்பி 900 ஹெர்ட்ஸாக ஒலிக்கும். சினிமாவில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரியுமே, அதே கதைதான். இப்போது அரைச் சுரம் மேலே போங்கள். அடிச்சுரம் 116.5 ஹெர்ட்ஸ், பத்தாம் மடங்கு 1165, திரும்பி ஒலிப்பது 835. நீங்கள் மேலே ஏறுகிறீர்கள், கூடவே ஒலிக்கும் பேய்ச் சுரம் கீழே இறங்குகிறது. அந்த 900க்கும் 110க்கும் எந்த இசை உறவும் இல்லாததால் சுருதி விலகிய உலோக மணி போலக் கேட்கும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ராகம், ஸ்கேல் எதற்கும் அடங்காது.

மெட்டு வாசிக்க வேண்டுமென்றால் சதுர அலை ஃபஸ். பழுதான இயந்திரம் போல ஒலிக்க வேண்டுமென்றால் பிட் கிரஷர். என் ஓட்டு முதலாவதற்கு.

ஃபஸ் கிட்டாருக்காகப் பிறந்ததல்லவா? பேஸில் ஏன்?

பிறந்ததே ஒரு பேஸில்தான். 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றை அமெரிக்காவின் நாஷ்வில்லில் பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் ஒலி, பழுதான மிக்ஸர் தடம் ஒன்றின் வழியாகப் போய் உடைந்து கரகரத்தது. அதை அப்படியே பாட்டில் விட்டுவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடி அந்தக் கோளாறைத் திரும்பவும் வரவழைக்க ஒரு சுற்று வடிவமைக்க, கிப்ஸன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 என்ற பெயரில் 1962இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965இல் பீட்டில்ஸ் பதிவு செய்த ஒரு பாடலில் பால் மெக்கார்ட்னி ஃபஸ் பேஸ் வாசித்தார். அதே பாடலில் சாதாரண பேஸும் தனியாக உண்டு என்பதைக் கவனியுங்கள். அடியைத் தாங்க ஒன்று, கத்த ஒன்று.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்து லைட்னிங் போல்ட் இசைக்குழுவில் இருப்பது ஒரு டிரம், ஒரு பேஸ், அவ்வளவே. பேஸ் வாசிக்கும் பிரையன் கிப்ஸன் தன் கருவியைச் செல்லோவைப் போல ஐந்தாம் இடைவெளியில் சுருதி கூட்டி, உச்சித் தந்திக்குப் பேஞ்சோ தந்தியைப் போட்டு, பெடல்களால் அதை அலற விடுபவர். 2016இல் வெளியான தம்பர் என்ற வீடியோ விளையாட்டை உருவாக்கிய இருவரில் அவரும் ஒருவர். இந்தத் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது.

பெடலை அழுத்தியதும் அடிநாதம் காணாமல் போகிறதே?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பல ஃபஸ் பெடல்கள் கிட்டாருக்கென்று கணக்கிடப்பட்டவை. உள்ளே வரும் வழியிலுள்ள மின்தேக்கி சிறியதாக இருந்தால் கீழ் அதிர்வெண்கள் வாசலிலேயே நின்றுவிடும். இரண்டாவது, சதுர அலையில் மேல் மடங்குகள் கூடிவிடுவதால், ஒலியளவை ஒன்றுபோல வைத்தால்கூட அடிச்சுரத்தின் பங்கு குறைந்ததாகக் காது உணர்கிறது. மூன்றாவது, வீச்சு முழுவதும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால் விரல் தந்தியில் படும் அந்த முதல் உதை மறைந்துபோகிறது. பேஸின் கனம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு அந்த உதையில்தான் இருக்கிறது.

வழி, ஒலியை இரண்டாகப் பிரிப்பது. ஒரு கிளை தூய்மையாக ஆம்புக்குப் போகட்டும், இன்னொரு கிளை ஃபஸ்ஸுக்குள் போய்த் திரும்பி வந்து அதோடு சேரட்டும். பாஸ் நிறுவனத்தின் எல்எஸ்-2 போன்ற லைன் செலக்டர் பெடலில் இரண்டு வழிகளையும் கலக்கும் நிலை உண்டு. ஒரு வழியில் வெறும் ஒயரைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பேஸ் பிக் மஃபில் தூய ஒலியைக் கலக்கும் சுவிட்ச் பெடலிலேயே இருக்கிறது.

கலந்த பிறகும் அடி மெலிந்தே இருந்தால், ஃபஸ் வழி அலையைத் தலைகீழாகத் திருப்புகிறதா என்று பாருங்கள். அப்படித் திருப்பினால் ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் சேர்ந்து அடி ஒலியைத் தின்றுவிடும். சில கலவைப் பெடல்களில் இதற்கென்றே ஃபேஸ் சுவிட்ச் வைத்திருப்பார்கள். அதை இரு பக்கமும் தட்டிப் பார்த்துக் கனமாக ஒலிக்கும் பக்கத்தில் விட்டுவிடுங்கள்.

ஃபஸ் வழியில் கீழ் அதிர்வெண்களைத் தாராளமாகக் குறைத்துவிடுவதும் உதவும். தனியாகக் கேட்டால் பரிதாபமான கீச்சொலியாக இருக்கும். தூய ஒலியோடு சேர்த்துக் கேட்டால் அதுதான் சரியான அளவு என்று தெரியும்.

கீழ்த் தந்தியில் சுருதி நிலைகொள்ளாமல் தாவுகிறது. பெடல் பழுதா?

பழுதில்லை, அது எண்ணத் தெரியாமல் திண்டாடுகிறது. ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கு இசை தெரியாது, அலை மேலே தாவுவதை மட்டும் எண்ணும். ‘இ’ தந்தியின் அடிச்சுரம் 41.2 ஹெர்ட்ஸ். ஆனால் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பில் அதைவிட அதன் இரண்டாம் மடங்கான 82.4 வலுவாக இருப்பது சகஜம். அப்போது ஒரு சுற்றுக்குள்ளேயே அலை இரண்டு முறை மேலெழும். சிப் இரண்டையும் எண்ணிவிடும், ஒலி ஒரு ஸ்தாயி மேலே குதிக்கும். சுரம் தேயத் தேய மடங்குகளின் விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் முன்னும் பின்னும் குதித்துக்கொண்டே இருக்கும்.

சிப்புக்கு எண்ணுவதை எளிதாக்கினால் போதும். டோன் குமிழை முழுவதும் மூடுங்கள். கழுத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் வையுங்கள். விரலின் சதைப் பகுதியால், ஃபிரெட்போர்டு முடியும் இடத்துக்கு அருகில் மீட்டுங்கள். பிறகு மேலே போங்கள்.

மேலே போவது ஏன் என்றால், ப்ளூ பாக்ஸைப் பொறுத்தவரை கீழே வாசிப்பதில் பொருளே இல்லை. திறந்த ‘இ’ தந்தியிலிருந்து இரண்டு ஸ்தாயி கீழே என்றால் 10.3 ஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுரத்தை உணராது. காதில் விழுவது தனித்தனித் தட்டல்களின் வரிசைதான். ‘ஜி’ தந்தியின் 9ஆவது ஃப்ரெட்டில் இருக்கும் ‘இ’ 164.8 ஹெர்ட்ஸ். அதிலிருந்து இரண்டு ஸ்தாயி இறங்கினால் சரியாகத் திறந்த ‘இ’ தந்தியின் சுரம். ஆகவே ‘ஜி’ தந்தியில் 9ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்தால், கீழே பேஸும் மேலே கரகரக்கும் மெட்டும் ஒரே விரலில் கிடைக்கும். பிளெண்ட் குமிழை நடுவில் வைத்துக்கொண்டு 12ஆவது ஃப்ரெட்டில் நின்று மீட்டிப் பாருங்கள். முதலில் 196 ஹெர்ட்ஸ் ஃபஸ்ஸும் 49 ஹெர்ட்ஸ் அடியும் கெட்டியாக ஒட்டிக்கொண்டு வரும். சில நொடிகளில் தந்தியின் அசைவு மெலிந்ததும் அடிச்சுரம் ஒருமுறை விக்கும், ஒரு ஸ்தாயி மேலே எட்டிப் பார்த்துத் திரும்பும், பிறகு இரண்டு குரலும் பொரிந்து சட்டென்று அணையும். அந்த விக்கலுக்காகவே இந்தப் பெடலை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சுற்றில் கை வைக்கத் தெரிந்தவர்கள் இரண்டாவது ஃப்ளிப்-ஃப்ளாப்பைத் தவிர்த்து முதலாவதிலிருந்தே ஒலியை எடுத்து, ஒரு ஸ்தாயி இறக்கத்தோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. பேஸுக்கு அது இன்னும் பொருத்தம். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

ஐந்து தந்தி பேஸில்?

‘பி’ தந்தி 30.9 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன சிக்கல் எல்லாம் இன்னும் கூடும். அந்தத் தந்தியைத் தூய ஒலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கார்ட் வாசிக்கலாமா?

ஸ்தாயி பிரிக்கும் பக்கத்தில் முடியாது, சிப் ஒரே சுரத்தைத்தான் எண்ணும். வெறும் ஃபஸ் பக்கத்தில் இரண்டு சுரம் வாசிக்கலாம், எந்த இரண்டு என்பதில்தான் சூட்சுமம். ‘டி’ தந்தியின் 7ஆவது ஃப்ரெட்டில் 110 ஹெர்ட்ஸ் ‘ஏ’, ‘ஜி’ தந்தியின் 9ஆவது ஃப்ரெட்டில் 165 ஹெர்ட்ஸ் ‘இ’. ச, ப. இரண்டையும் சேர்த்து அடித்தால் வெட்டுப்பட்ட அலை வினாடிக்கு 55 முறை திரும்பி வருகிறது. நீங்கள் வாசிக்காத 55 ஹெர்ட்ஸ் ‘ஏ’ ஒன்று அடியில் தானாக முளைக்கும். இதற்குப் பெடல் விலை எதுவும் கூடுதலாகக் கேட்பதில்லை.

‘ப’வுக்குப் பதில் அந்தர காந்தாரத்தை, அதாவது மேஜர் மூன்றாம் சுரத்தை வைத்தால் கதை வேறு. ‘ஜி’ தந்தியின் 6ஆவது ஃப்ரெட்டில் வருவது 138.6 ஹெர்ட்ஸ். சுத்தமாகப் பொருந்த 137.5 வேண்டும். அந்தச் சிறு வித்தியாசத்தைச் சாதாரண ஒலியில் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஃபஸ் அதைப் பிடித்துப் பெரிதாக்கி உராய்ந்து காட்டும்.

விளையாட்டு இசையமைப்பாளர்களுக்கும் இதே தட்டுப்பாடு இருந்தது. தடங்கள் போதாதபோது கார்டின் சுரங்களை வினாடிக்கு 50, 60 என்ற வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காதை ஏமாற்றினார்கள். விரலுக்கு அந்த வேகம் வராது. ஆனால் கார்டைப் பிரித்து பதினாறாம் பங்குச் சுரங்களாக ஓட்டினாலே அந்தக் காலத்து மணம் வந்துவிடும்.

விரலா, பிக்கா?

சுருதி எண்ணும் பெடலுக்கு விரல், வெறும் ஃபஸ்ஸுக்கு எது வேண்டுமானாலும். அதைவிட முக்கியம் வாசிக்காத தந்திகளை அடக்கி வைப்பது. ஃபஸ் சிறிய ஒலியையும் பெரிய ஒலியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். பக்கத்துத் தந்தி லேசாக அதிர்ந்தாலும் அது இரண்டாவது சுரமாகக் குறுக்கே வந்து நிற்கும். வலது கட்டைவிரலைக் கீழ்த் தந்திகள்மேல் சாய்த்து வைத்து, இடது கையின் மிச்ச விரல்களை மேல் தந்திகள்மேல் படுக்க விடுங்கள். இன்னொன்று, சுரத்தை முடிப்பதும் உங்கள் பொறுப்பு. அந்தக் கால இசையில் சுரங்கள் வெட்டியதுபோல் நிற்கும். தானாகத் தேயட்டும் என்று விட்டுவிட்டால் ஒலி டிவி கேமிலிருந்து விலகி ராக் கச்சேரிக்குப் போய்விடும்.

வாசிக்காதபோதும் இரைகிறதே?

ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் என்றால் மின்சார ரீங்காரமும் ஃபஸ்ஸுக்கு ஒரு சுரம்தான். டியூப் லைட், மங்கலாக்கும் மின்விளக்குச் சுவிட்ச், அடாப்டர் இவற்றிலிருந்து விலகி நின்று திரும்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் சத்தம் விழுந்துவிடும். இரைச்சல் அடைக்கும் கேட் பெடல் இருந்தால் ஃபஸ்ஸுக்குப் பின்னால் வைக்கலாம். அதில் கட்டுப்பாட்டு ஒலிக்குத் தனி வழி இருந்தால் அதற்குப் பேஸின் தூய ஒலியைக் கொடுங்கள். ஃபஸ்ஸுக்குப் பிறகு எல்லாம் ஒரே மட்டமாகிவிடுவதால், எது சுரம் எது இரைச்சல் என்று அந்தக் கேட் பெடலால் பிரித்துப் பார்க்க இயலாது.

மற்ற பெடல்களோடு எந்த வரிசையில் வைப்பது?

சுருதி எண்ணும் எதுவும் பேஸுக்கு அடுத்தபடியாக, முதலிலேயே இருக்க வேண்டும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்பிரஸர் அதற்கு முன்னால் இருந்தால் சுரம் சற்று நீளும், கூடவே இரைச்சலும் வளரும். விரல் அழுத்தத்தைப் பார்த்துத் திறக்கும் என்வலப் ஃபில்டரை ஃபஸ்ஸுக்குப் பின்னால் வைத்தால் அது செயலற்று உட்கார்ந்துவிடும், ஏனென்றால் பார்க்க ஏற்ற இறக்கமே இல்லை. டிலே, ரிவர்ப் எல்லாம் கடைசியில்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்களுக்குத் தனிச் சட்டம். அவற்றுக்குப் பிக்கப்போடு நேரடித் தொடர்பு வேண்டும். உள்ளே பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸோடு அவை பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை, ஒலி வறண்டு கூர்மையாகிவிடும்.

ஸ்பீக்கர் கெட்டுவிடுமா?

வீட்டில் அடக்கமாக வாசித்தால் கவலை இல்லை. சத்தமாக வாசிக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒரே உச்ச உயரம் கொண்ட, வழவழப்பாக வளையும் சைன் அலையைவிடச் சதுர அலையில் சராசரி ஆற்றல் இரண்டு மடங்கு. ஆம்ப் தாங்கினாலும் ஸ்பீக்கர் சூடாகும். இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது. 10 ஹெர்ட்ஸ் போன்ற கேட்க முடியாத அடியொலிகள் ஸ்பீக்கர் கூம்பை முன்னும் பின்னும் பெரிதாகத் தள்ளும். துளை வைத்த கேபினெட்டில் கூம்பைத் தடுத்து நிறுத்தப் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் அந்த வேகத்தில் உதவாது. வலைக்குப் பின்னால் கூம்பு துடிப்பது தெரிந்தால், 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்றை வழியில் வையுங்கள்.

பேஸ் கேபினெட்டில் ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) இருந்தால் அணைத்துவிடுங்கள். ஃபஸ்ஸின் மேல் மடங்குகள் அங்கே போய் ஊசியாகக் குத்தும். நேராக மிக்ஸரிலோ ஹெட்போனிலோ கேட்கும்போது இதே வேலையை 4000, 5000 ஹெர்ட்ஸ் வாக்கில் மேல் பகுதியை வெட்டும் ஃபில்டர் செய்யும். இந்தப் பெடல் கேட்கச் சகிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்களில் பலர் ட்வீட்டரைத்தான் திட்டியிருக்க வேண்டும்.

பாட்டில் எங்கே பயன்படுத்துவது?

முன்பு சொன்ன முக்கோணமும் துடிப்பும் இங்கே கைகொடுக்கும். அழுத்தும்போது நீங்கள் மெட்டுக்காரர். ஆகவே அந்த இடத்தில் கிட்டாரும் கீபோர்டும் நடு ஸ்தாயியிலிருந்து ஒதுங்க வேண்டும், கீழே யாராவது அடியைத் தாங்க வேண்டும். கீபோர்டின் இடது கை போதும், முன்பே ஓட்டி வைத்த மென்மையான சின்த் பேஸும் போதும். மூவர் மட்டும் கொண்ட குழுவென்றால் தூய ஒலியைக் கலந்துகொள்வது தவிர வேறு வழி இல்லை.

பாட்டு முழுவதும் போட்டு வைத்தால் எட்டாவது வரியில் காது மூடிக்கொள்ளும். பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வரும் சிறு இசைத்துண்டு, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளி, முடிவுக்கு முந்தைய நிறுத்தம், இவையே இதன் இடங்கள். லெட் செப்பலினின் 1979 ஆல்பத்தில் ஜிம்மி பேஜ் ப்ளூ பாக்ஸைக் கிட்டாரில் பயன்படுத்தியதும் ஒரு தனி வாசிப்புக்குத்தான், பாட்டு முழுவதற்கும் இல்லை.

ப்ளூ பாக்ஸ் தவிர வேறென்ன பார்க்கலாம்?

பாஸ் ஓசி-2 என் முதல் தேர்வு. 1982இல் வந்தது, இதே ஃப்ளிப்-ஃப்ளாப் வித்தை, ஆனால் விரலின் ஏற்ற இறக்கத்தைக் காப்பாற்றித் தருகிறது. தூய ஒலியை மூடிவிட்டு ஒரு ஸ்தாயி இறக்கத்தை மட்டும் கேட்டால் ஏறக்குறைய டிவி கேம் பேஸ்தான். கரகரப்பு குறைவு என்பவர்கள் பின்னால் ஒரு ஃபஸ்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம். இஸட்.வெக்ஸின் வூலி மேமத் பேஸை மனத்தில் வைத்துச் செய்தது. அதன் பிஞ்ச் குமிழைத் திருகினால் ஒலி இறுகி, சுரங்களின் வால் வெட்டுப்படும். அதே நிறுவனத்தின் ஃபஸ் ஃபேக்டரி அடங்காப்பிடாரி. ஐந்து குமிழ்களில் எதைத் தொட்டாலும் மற்ற நான்கும் கோபித்துக்கொள்ளும். ஓஹையோவின் அக்ரன் நகரில் தயாராகும் எர்த்குவேக்கர் டேட்டா கரப்டர் முழு அளவிலான ஆட்டம். உங்கள் சுரத்தைச் சதுரமாக்கி, அதைத் துரத்தும் ஆசிலேட்டர்களால் (தாமே அலையை உருவாக்கும் சுற்றுகள்) மேலும் கீழுமாக வேறு குரல்களைச் சேர்க்கும். துரத்தும்போது தடுக்கி விழுவதும் உண்டு, விழும் அழகுக்காகத்தான் வாங்குகிறார்கள்.

அடாப்டர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். பெடலின் லேபிளைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். பழைய பாணி ஜெர்மானியம் ஃபஸ் சிலவற்றில் முனை தலைகீழாக இருக்கும், அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே கிளை ஒயரில் மாட்டக் கூடாது. டிஜிட்டல் பெடலும் ஃபஸ்ஸும் ஒரே கிளையில் இருந்தால் மெல்லிய கீச்சொலி கேட்கலாம், தனித்தனி வெளியீடு கொண்ட பவர் சப்ளை அதைத் தீர்க்கும்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

உங்கள் பேஸை எடுத்துச் செல்லுங்கள். கடையில் தொங்கும் ஆக்டிவ் பேஸில் நன்றாக ஒலித்த ஃபஸ், வீட்டிலிருக்கும் பழைய, பேட்டரி இல்லாத பேசிவ் பேஸில் வேறு ஆளாகிவிடும். பேஸ் ஆம்பில் போடச் சொல்லுங்கள், கடைக்காரர் பழக்கத்தில் கிட்டார் ஆம்பைத்தான் காட்டுவார். ட்வீட்டரை அணையுங்கள். முதலில் பெடல் இல்லாமல் ஒலியளவை வைத்து, பிறகு அழுத்தி, இரண்டும் ஒரே அளவில் இருக்கும்படி பெடலின் அவுட்புட் குமிழைத் திருத்துங்கள். சத்தமாக இருப்பதெல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும் என்பதால் இந்த ஒரு வேலையைத் தவிர்க்க வேண்டாம்.

பிறகு திறந்த ‘இ’, ‘ஏ’ தந்தியின் 5ஆவது ஃப்ரெட், ‘ஜி’ தந்தியின் 12ஆவது ஃப்ரெட் என்று மூன்று இடங்களில் நீண்ட சுரம் வாசித்து, அது எப்படிச் சாகிறது என்று கேளுங்கள். டோன் குமிழைத் திறந்தும் மூடியும் அதையே திரும்ப வாசியுங்கள். கடைசியாக, உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு மெட்டை மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ‘ஜி’ தந்தியில் வாசியுங்கள். வேகத்தில் சுரங்கள் விழுங்கப்பட்டால் அந்தப் பெடல் உங்கள் கைக்கு ஒத்துவராது, அடுத்ததைக் கேளுங்கள். பழைய பெடல் வாங்குவதாக இருந்தால் குமிழ்களைத் திருகும்போது கரகரக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஃபஸ்ஸை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் எது பழுது எது பெடலின் இயல்பு என்று சொல்வது கடினம்.